பேட்டரியை மாற்றுமுன் டயோடைச் சோதியுங்கள்

சிவகங்கை மாவட்டத்தில் இளையாத்தங்குடி, கீழச்சிவல்பட்டி வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்தால் மண்ணில் உழவுக்கேற்ற ஈரம் நிற்பது சில நாட்களே. அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்தச் சமயத்தில் ஊரிலுள்ள டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், வண்டிக்காரருக்கு ஒரு நாள் வாடகை நஷ்டம். அவரை நம்பியிருக்கும் சிறு விவசாயிகளுக்கோ ஒரு பருவமே தவறிப் போகலாம்.

"பேட்டரி போய்விட்டது" என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதிய பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். சில வாரங்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. இவ்வாறு நேரும்போது கோளாறு பேட்டரியில் இல்லாமல், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு என்ற சிறிய உறுப்பில் இருக்கக்கூடும். சூரிய சக்தி பம்புசெட்டில் தண்ணீர் குறைவதற்கும் இதே உறுப்பு காரணமாவது உண்டு. டயோடு நல்லதா, கெட்டதா என்று பார்க்க ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு துண்டு ஒயரும் போதும்.

டயோடு செய்யும் வேலை

பம்புசெட்டின் உறிஞ்சு குழாய் அடியில் புட்வால்வு இருப்பதை எல்லோரும் அறிவர். அது தண்ணீரை மேலே ஏற விடும். கீழே இறங்க விடாது. மின்சாரத்துக்கு டயோடு அப்படிப்பட்ட புட்வால்வு. ஒரு திசையில் மின்சாரத்தைச் செல்ல விடும். எதிர்த் திசையில் தடுத்துவிடும்.

டயோடுக்கு இரண்டு முனைகள் உண்டு. மின்சாரம் நுழையும் முனை ஆனோடு. வெளியேறும் முனை கேத்தோடு. சிறிய டயோடுகளின் கறுப்பு உடலில் ஒரு ஓரமாக வெள்ளை அல்லது வெள்ளி நிறக் கோடு போட்டிருக்கும். கோடு உள்ள பக்கமே கேத்தோடு.

இன்றைய டயோடுகளில் பெரும்பாலானவை சிலிக்கன் என்னும் பொருளால் ஆனவை. டயோடின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் இடமுண்டு. செடிகொடிகளின் உணர்வை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ், ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு வானொலி அலைகளைக் கண்டறியும் கருவி செய்து, 1901-ல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904-ல் அது வழங்கப்பட்டது. இன்றைய டயோடுக்கு அந்தப் படிகக் கருவி ஒரு மூத்த உறவு.

எங்கெங்கே இருக்கிறது?

டிராக்டர் ஆல்டர்னேட்டரில் உற்பத்தியாவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. ஏசியை டிசியாக்க, ஆல்டர்னேட்டரின் பின்புறத் தட்டில் பொதுவாக ஆறு பெரிய டயோடுகள் இருக்கும். மூன்று பாசிட்டிவ் பக்கம், மூன்று நெகட்டிவ் பக்கம். பல வகைகளில் இவற்றோடு மூன்று சிறிய டயோடுகளும் இருக்கும். பேட்டரியிலுள்ள மின்சாரம் வண்டி நிற்கும்போது பின்னோக்கிப் பாயாமல் காப்பதும் இந்த டயோடுகளின் வேலைதான். டைனமோ பொருத்திய பழைய டிராக்டர்களில் இந்தக் காவலை ரெகுலேட்டர் பெட்டியிலிருந்த கட்-அவுட் செய்தது.

சூரிய சக்தி பேனலின் பின்புறம் ஒயர் புறப்படும் கறுப்புப் பெட்டியில் வழக்கமாக மூன்று டயோடுகள் இருக்கும். டிரான்ஸ்பார்மர் வைத்த சாதாரண பேட்டரி சார்ஜரில் இரண்டு அல்லது நான்கு இருக்கும். கைத்தெளிப்பானின் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றிலும் உண்டு.

கெட்டுப் போகும் விதம்

புட்வால்வு இரண்டு விதமாகக் கெடும். குப்பை மாட்டி மூடாமல் நின்றால், ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். துருப்பிடித்துத் திறக்காமல் நின்றால் தண்ணீரே ஏறாது. டயோடும் அப்படியே. இரு திசையிலும் மின்சாரத்தை விட்டால் அது ஷார்ட் ஆன டயோடு. எந்தத் திசையிலும் விடாவிட்டால் ஓப்பன் ஆன டயோடு. மூன்றாவது வகையும் உண்டு. குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்து, சூடேறியதும் கசியத் தொடங்கும். இதைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம்.

பல்பு வைத்துச் சோதிக்கும் முறை

12 வோல்ட் பேட்டரி ஒன்று, வண்டியின் பார்க்கிங் விளக்குக்குப் போடும் 5 வாட் பல்பு ஒன்று, ஒயர் இவையே தேவை. ஹெட்லைட் பல்பு வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்தில் சிறிய டயோடு எரிந்துவிடும்.

1. சோதிக்க வேண்டிய டயோடின் ஒரு முனையையாவது சர்க்யூட்டிலிருந்து கழற்றி விடவேண்டும். கழற்றாமல் பார்த்தால் பக்கத்துப் பாகங்கள் வழியே மின்சாரம் ஓடி, நல்ல டயோடும் கெட்டதுபோல் தெரியும்.

2. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்புக்கும், பல்பிலிருந்து டயோடின் ஆனோடுக்கும் ஒயர் கொடுக்கவேண்டும். கோடு உள்ள முனையை பேட்டரியின் நெகட்டிவில் இணைக்கவேண்டும். பல்பு எரிய வேண்டும்.

3. டயோடைத் திருப்பி இணைக்கவேண்டும். பல்பு எரியக் கூடாது.

இரண்டு முறையும் எரிந்தால் டயோடு ஷார்ட். இரண்டு முறையும் எரியாவிட்டால் ஓப்பன். திருப்பி வைத்தபோது மங்கலாக எரிந்தாலும் கசிகிறது என்று கொண்டு மாற்றிவிடவேண்டும். பல்பு இல்லாமல் டயோடை நேராக பேட்டரியில் தொடவே கூடாது. ஒரு நொடியில் கருகும், கையும் சுடும்.

மீட்டர் இருந்தால்

டிஜிட்டல் மல்டிமீட்டரில் அம்புக்குறியும் குறுக்குக் கோடும் சேர்ந்த அடையாளம் டயோடு சோதனைக்கு உரியது. குமிழை அங்கே திருப்பி, சிவப்புக் கம்பியை ஆனோடிலும் கறுப்புக் கம்பியைக் கேத்தோடிலும் வைத்தால், சிலிக்கன் டயோடுக்கு 500 முதல் 700 வரை எண் காட்டும். இது மில்லிவோல்ட் கணக்கு. சில மீட்டர்கள் 0.5 முதல் 0.7 என்று காட்டும். பேனலில் உள்ள சாட்கி வகை டயோடுக்கு 150 முதல் 300 வரை காட்டினால் சரி. கம்பிகளை மாற்றி வைத்தால் 'ஓஎல்' அல்லது இடது ஓரத்தில் '1' மட்டும் தெரியவேண்டும். இரு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். இரு பக்கமும் 'ஓஎல்' என்றால் ஓப்பன்.

முள் உள்ள பழைய மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஓம் அளவையில் அவற்றில் பெரும்பாலானவற்றின் கறுப்புக் கம்பியே பாசிட்டிவ். ஆகவே முள் அசையும் திசை தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்து டயோடு கெட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

டிராக்டரில் கோளாறைக் கண்டுபிடிப்பது

முதலில் மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பார்க்கவேண்டும். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றபின், நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சினை நல்ல வேகத்தில் ஓட விட்டால் 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டும். ஏறாவிட்டால் முதலில் பெல்ட் தளர்ச்சி, ஒயர் முனைகள், பியூஸ் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகே ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கவேண்டும்.

டயோடு பழுதுக்குச் சில அடையாளங்கள் உண்டு. சார்ஜ் விளக்கு முழுதும் அணையாமல் மங்கலாக எரியும். ஆல்டர்னேட்டரிலிருந்து வழக்கமில்லாத ஊளைச் சத்தம் வரும். எஞ்சினை நிறுத்தி இரவெல்லாம் ஆன பிறகும் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். பேட்டரி மின்சாரம் ஷார்ட் ஆன டயோடு வழியாகப் பின்னோக்கிப் போய், ரோட்டர் சுருளில் வீணாவதே இந்தச் சூட்டுக்குக் காரணம்.

இரவில் பேட்டரி இறங்குவது ஆல்டர்னேட்டராலா, வேறு எதனாலா என்று அறிய எளிய வழி இது. மாலையில், சார்ஜ் ஆன பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றவேண்டும். அதன்பின் ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றவேண்டும். மறுபடி எர்த் ஒயரை மாட்டி, இரவு முழுவதும் விட்டுவிடவேண்டும். காலையில் பேட்டரி இறங்காமல் இருந்தால் கசிவு ஆல்டர்னேட்டர் வழியேதான். அப்படியும் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு எர்த் ஒயரையே கழற்றி வைக்கவேண்டும். அப்போதும் இறங்கினால் பேட்டரிதான் பழுது. இறங்காவிட்டால் வண்டியின் வேறு ஒயரிங்கில் கசிவு.

இந்த ஒயர் கழன்ற நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. மாட்டும்போதும் எர்த் ஒயரை முதலில் கழற்றி, தடித்த ஒயரை மாட்டியபின், கடைசியாக எர்த் ஒயரை மாட்டவேண்டும்.

ஆல்டர்னேட்டரைப் பிரித்தால், மூன்று சுருள் ஒயர்களும் டயோடுத் தட்டில் சால்டர் வைக்கப்பட்டோ, திருகப்பட்டோ இருக்கும். அவற்றை விடுவித்த பிறகே ஒவ்வொரு டயோடையும் சோதிக்கவேண்டும். ஒன்று கெட்டாலும் தட்டு முழுவதையும் மாற்றுவது நல்லது. மற்றவையும் அதே அதிர்ச்சியைத் தாங்கியவை. அதிக நாள் உழைக்கும் என்று சொல்வதற்கில்லை.

கசியும் டயோடை விட்டுவைத்தால் பேட்டரியும் சேர்ந்து போகும். ஈய-அமில பேட்டரி இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால், அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியான படிகமாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய சக்தி வராது. புதிய பேட்டரி சில வாரங்களில் வீணாவது இதனால்தான். பேட்டரிக்குள் நடக்கும் இத்தகைய இரசாயன மாற்றங்களை ஆராயவே நம் காரைக்குடியில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நேரு 1948-ல் அடிக்கல் நாட்டினார். 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 'சிக்ரி' என்று ஊர் மக்கள் அழைப்பது அதைத்தான்.

சூரிய சக்தி பம்புசெட்டில்

வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தில் சூரிய சக்தி பம்புசெட் அமைத்தவர்கள் இன்று பல ஊர்களில் உள்ளனர். 5 குதிரைத்திறன் பம்புக்கு 4800 வாட் அளவு பேனல்கள் வேண்டும். இவை சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும்.

ஒரே வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அதுபோல, ஒரு பேனலில் சில செல்கள் மீது மட்டும் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதிலும் மின்சாரம் குறையும். நிழல் பட்ட செல் சூடேறிக் கருகவும் செய்யும். இதைத் தடுக்க, அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்று வாய்க்கால்போல டயோடுகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டயோடும் பேனலின் மூன்றில் ஒரு பகுதியைக் காக்கிறது.

டயோடு ஷார்ட் ஆனால் அந்த மூன்றில் ஒரு பகுதி பயனற்றுப் போகும். உதாரணமாக, 72 செல் பேனல் நல்ல வெயிலில், இணைப்பின்றி இருக்கும்போது 40 முதல் 45 வோல்ட் காட்டும். ஒரு டயோடு ஷார்ட் என்றால் 30-க்குக் குறைந்துவிடும். வெயிலின் சூட்டைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், பக்கத்துப் பேனலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. டயோடு ஓப்பன் ஆனால் வோல்ட் குறையாது. எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். நிழல் விழும் நாளில் செல் கருகத் தொடங்கும். கண்ணாடிக்கு அடியில் பழுப்புத் திட்டு, கறுப்புப் பெட்டியில் தீய்ந்த வாடை, பிளாஸ்டிக் உருகிய அடையாளம் ஆகியவை இதைக் காட்டிக்கொடுக்கும்.

விவசாயி தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேகமில்லாத நாளில், காலை 11 மணிக்கு, 200 லிட்டர் டிரம் ஒன்று நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வைக்கவேண்டும். கிணற்று நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். நீர்மட்டம் இறங்காமல், பேனலும் சுத்தமாக இருந்து, நேரம் மட்டும் கூடிக்கொண்டே போனால் பேனல்களைச் சோதிக்கச் சொல்லவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேனல்கள் வரிசையாக இணைந்தால் பல நூறு வோல்ட் டிசி மின்சாரம் உண்டாகும். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்தும் சுவிட்ச் பேனலில் கிடையாது. பம்பு ஓடும்போது பேனல் ஒயர்களின் இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு எரியும், உயிருக்கே ஆபத்து. கண்ட்ரோலரையும் டிசி சுவிட்சையும் நிறுத்திய பிறகு, பயிற்சி பெற்ற ஆள்தான் பேனல்களைத் தனித்தனியே பிரிக்கவேண்டும். டயோடைச் சோதிக்கும்போது பேனலைத் தடித்த தார்ப்பாயால் மூடிவிடவேண்டும். வெளிச்சம் பட்டால் மீட்டர் தவறான எண் காட்டும்.

மத்திய அரசின் பிஎம்-குசும் திட்டத்தில் அமைத்த பம்புசெட்டுகளை ஐந்து ஆண்டுகள் பராமரிப்பது அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளவேண்டும். புதிய பேனல்கள் பலவற்றில் பெட்டிக்குள் பசை ஊற்றி அடைத்திருப்பதால் டயோடை மட்டும் மாற்ற இயலாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

புதிய டயோடு போடும்போது

டயோடுக்கு இரண்டு அளவுகள் முக்கியம்: தாங்கும் ஆம்பியர், தாங்கும் வோல்ட். புதியது பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும், குறையக் கூடாது. கடையில் '1 என் 4007' என்று கேட்டால் 1 ஆம்பியர், 1000 வோல்ட் டயோடு கிடைக்கும். '1 என் 5408' என்பது 3 ஆம்பியர். சார்ஜருக்குப் போடும் 'கேபிபிசி 3510' என்ற சதுரமான பிரிட்ஜில் நான்கு டயோடுகள் சேர்ந்திருக்கும். 35 ஆம்பியர், 1000 வோல்ட் தாங்கும். ஆனால் அதை அலுமினியத் தகட்டில் இறுக்கித் திருகினால்தான் அவ்வளவு ஆம்பியரைத் தாங்கும். சார்ஜரைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடவேண்டும்.

பேனல் பெட்டிக்கு சாட்கி வகையே ஏற்றது. '15 எஸ்க்யூ 045' என்பது 15 ஆம்பியர், 45 வோல்ட் கொண்டது. சாதாரண சிலிக்கன் டயோடு போட்டால் அது இரண்டு பங்கு சூடாகி, பெட்டியையே உருக்கிவிடும்.

மாற்றுமுன் பழைய டயோடின் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று காகிதத்தில் வரைந்துகொள்ளவேண்டும். சால்டர் வைக்கும்போது டயோடின் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டால் சூடு உடலுக்கு ஏறாது. சில விநாடிகளில் வேலையை முடித்துவிடவேண்டும். ஆல்டர்னேட்டர் தட்டு வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. பாசிட்டிவ் டயோடும் நெகட்டிவ் டயோடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே திசை மாறியிருக்கும்.

ஏன் கெட்டது?

காரணத்தைக் களையாமல் புதிய டயோடு போட்டால் அதுவும் கெடும். பெரும்பாலும் காரணம் நம் கையில்தான் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, 'வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா' என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் திடீரென்று எகிறி டயோடுகளைத் துளைத்துவிடும். இதை யார் சொன்னாலும் செய்ய விடக்கூடாது.

பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றி பேட்டரியை மாட்டினால், டயோடுகள் வழியே தடையின்றி மின்சாரம் பாய்ந்து ஒரு நொடியில் எரிந்துபோகும். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும்.

டிராக்டரிலோ, அதோடு இணைந்த டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிடவேண்டும். அடியோடு இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரைக் கொண்டே ஏற்றுவதும் டயோடுக்குச் சுமை. தனி சார்ஜரில் ஏற்றி மாட்டுவது நல்லது. ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் வைக்கோல் தூசி அடைத்தால் டயோடு சூட்டிலேயே கெடும். அறுவடைக் காலத்தில் அடிக்கடி துடைக்கவேண்டும்.

பேனல்களுக்கு இடியும் மின்னலும் பகை. பக்கத்தில் இடி விழுந்தாலே டயோடு ஷார்ட் ஆகலாம். எர்த் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று புரட்டாசிக்குள் பார்த்துவிடவேண்டும். வேப்பங்கிளை, தென்னை மட்டை ஆகியவற்றின் நிழல் தினமும் விழுந்தால் டயோடு ஓயாமல் சூடாகிக் கெடும். கிளையைக் கழிப்பதே மருந்து. மயில் எச்சமும் நிழல்தான். காலை வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரால் கழுவிவிடவேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது.

மொத்தத்தில், பேட்டரிக்கோ பேனலுக்கோ பணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன் ஓர் இரவுச் சோதனையும் ஒரு பல்புச் சோதனையும் செய்துவிடவேண்டும். இந்தச் சோதனையை மழைக்கு முன்பே முடித்துக்கொண்டால், ஐப்பசியில் ஈரம் காயுமுன் ஏர் பூட்டலாம். பேனல் சம்பந்தமான ஐயங்களுக்கு, அந்தந்தப் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம்.